உழைச்செல்வான்: மனநல மருத்துவமனையில் விடுபட்ட நான்காமவர்

தென் மாவட்டங்களில் யாரேனும் சற்றுக் கோணலாகப் பேசிவிட்டால் 'குற்றாலத்துக்குப் போய்த் தலையை நனைத்துவிட்டு வா' என்று சொல்வதுண்டு. இன்று கேலியாக மட்டுமே எஞ்சியிருக்கும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பழைய மருத்துவ நம்பிக்கை இருக்கிறது. மனம் பேதலித்தவரை அருவிக்கடியில் நாள்தோறும் நிறுத்தினால் மூளைச் சூடு தணிந்து புத்தி தெளியும் என்று நம்பி, சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு அழைத்துவந்தார்கள். ஐரோப்பிய மனநோய் விடுதிகளிலும் 19ஆம் நூற்றாண்டில் தலையில் குளிர்நீர்த் தாரையை விழச்செய்யும் சிகிச்சை இருந்தது. அங்கே அது பல வேளைகளில் தண்டனையாகவும் பயன்பட்டது.

அருவி நீர் மனச்சிதைவைத் தீர்க்காது என்பதில் இன்று ஐயமில்லை. ஆயினும் இந்த வழக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரருவியின் கீழே தன் நினைவில் இல்லாத ஒருவர் தனியாக நிற்க முடியாது. பாறை வழுக்கும், நீரின் எடை தோளை அழுத்தும், மூச்சு திணறும். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தானும் நனைந்து, இன்னொருவர் உடன் நின்றாக வேண்டும். கயிற்றால் கட்டி இழுத்துவரப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். அதை மறைத்து அழகுபடுத்திச் சொல்வதற்கில்லை. ஆனால் யாரேனும் கொஞ்சம் ஆறுதல் பெற்றுத் திரும்பியிருந்தால், அதில் நீருக்குரிய பங்கு எவ்வளவு, உடன் நனைந்த கைக்குரிய பங்கு எவ்வளவு என்ற கேள்வி நியாயமானது. இக்கட்டுரை அந்தக் கையைப் பற்றியது.

*

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்து முடிகிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். 'உழை' என்பதற்குப் பக்கம் என்று பொருள். மருந்தைப் பிழையின்றி ஆக்கிக் கொடுப்பவர் என்றும், நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் என்றும் இச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். சரக சம்ஹிதையும் மருத்துவத்துக்கு நான்கு கால்கள் என்றே சொல்கிறது. அதில் பணிவிடை செய்பவருக்கு வேண்டிய குணங்களாகப் பணிவிடை பற்றிய அறிவு, கைத்திறன், தூய்மை ஆகியவற்றோடு நோயாளியிடத்து அன்பும் எண்ணப்படுகிறது. அன்பு அங்கே மருத்துவரின் தனிப்பட்ட நல்லியல்பாகவோ தர்மமாகவோ சொல்லப்படவில்லை. ஒரு பணிக்கான தகுதியாகப் பட்டியலில் இருக்கிறது.

நாற்காலியின் ஒரு காலை எடுத்துவிட்டால் அது மூன்று கால் முக்காலி ஆகிவிடாது, விழும். நம் மனநல மருத்துவத்துக்கு நேர்ந்திருப்பது இதுவே என்பது நம் எண்ணம். நோயாளிகள் இருக்கிறார்கள், மருத்துவர்கள் போதாத எண்ணிக்கையிலேனும் இருக்கிறார்கள், 1950களில் குளோர்புரோமசின் வந்ததிலிருந்து நல்ல மருந்துகளும் இருக்கின்றன. நான்காமவருக்குத்தான் மருத்துவமனையில் நாற்காலியில்லை, படுக்கையில்லை, சம்பளமில்லை, பெயருமில்லை. 'அட்டெண்டர்' என்று அழைத்து வராந்தாவில் உட்கார வைக்கிறோம்.

தேசிய மனநல ஆய்வு 2016இல் வெளிவந்தது. இந்தியாவில் வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகவும், நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை கிடைக்காமல் இருப்பதாகவும் அது கூறியது. இந்த எண்களைச் சொல்லும்போதெல்லாம் மருத்துவர் பற்றாக்குறை என்ற ஒற்றை விளக்கத்தோடு நின்றுவிடுகிறோம். பற்றாக்குறை உண்மைதான். ஆனால் சிகிச்சைக்குள் வந்துவிட்டவருக்கு நடப்பதென்ன? ஒரு கணக்குக்காக, ஒரு மருத்துவர் முற்பகலில் 4 மணி நேரத்தில் 80 பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3 நிமிடம். 'தூக்கம் வருகிறதா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா' என்று கேட்கலாம். அதுவும் பெரும்பாலும் உடன் வந்தவரிடம்தான் கேட்க முடியும். நோயாளி அருகிலேயே அமர்ந்திருக்க, அவரைப் பற்றிப் படர்க்கையில் ஒரு உரையாடல் நடந்து முடிகிறது. தமிழில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடங்கள் உண்டு. மனநோய் வந்தவுடன் ஒரு மனிதர் முதலில் இழப்பது முன்னிலையை. அவரிடம் யாரும் 'நீ' என்றோ 'நீங்கள்' என்றோ பேசுவதில்லை. எல்லோரும் 'இவன்', 'இவள்' என்றே பேசுகிறார்கள்.

*

மார்ட்டின் பூபர் 1923இல் வெளியிட்ட 'நான்-நீ' என்ற சிறிய நூலின் அடிப்படை இந்த இலக்கணக் கணக்குத்தான். மனிதன் உலகை இரண்டு விதமாக எதிர்கொள்கிறான் என்றார் பூபர். ஒன்று 'நான்-அது': அளக்கவும் வகைப்படுத்தவும் பயன்படுத்தவும் தக்க ஒரு பொருளாக எதிரிலிருப்பதைப் பார்ப்பது. மற்றது 'நான்-நீ': எதிரிலிருப்பவரை முழுமையாகச் சந்திப்பது. இவற்றுள் முதலாவதைத் தீயது என்று அவர் தள்ளவில்லை. அதில்லாமல் வாழ முடியாது. அதில் மட்டுமே வாழ்பவர் மனிதராவதில்லை என்பதே அவர் நிலை. இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்க்கும் மருத்துவர் நோயாளியை 'அது'வாகத்தான் பார்க்கிறார், பார்க்கத்தான் வேண்டும். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு நிமிரும்போது எதிரில் யார் இருக்கிறார் என்பதே கேள்வி.

இத்தகைய சிந்தனையை மருத்துவமனைக்குள் கொண்டுவரும்போது ஒரு பொய்யான இனிமை சேர்ந்துவிடும் அபாயம் உண்டு. அதைப் பூபரே உணர்ந்திருந்தார். 1957 ஏப்ரலில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவருக்கும் உளவியலாளர் கார்ல் ரோஜர்சுக்கும் நடந்த உரையாடல் புகழ்பெற்றது. சிகிச்சை உண்மையாக நிகழும் கணத்தில் தானும் தன்னிடம் வந்தவரும் சமமான இருவராகவே சந்திப்பதாக ரோஜர்ஸ் சொன்னார். மனித உறவைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதிய பூபர் அதை ஒப்பவில்லை. உங்களிடம் உதவி தேடி அவர் வந்திருக்கிறார், அவரிடம் நீங்கள் வரவில்லை; இருவர் நிற்கும் இடத்தையும் உங்களால் பார்க்க முடியும், அவரால் இப்போது முடியாது; இந்த வேறுபாட்டை நல்லெண்ணத்தால் அழித்துவிட முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

நாங்கள் பூபரின் பக்கம் நிற்கிறோம். சாவி யார் கையில் இருக்கிறது என்பதை மறைக்கிற சமத்துவப் பேச்சு நோயாளிக்கு உதவாது. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் 'நாமெல்லாம் ஒன்று' என்று சொன்னால் அந்தப் பக்கம் இருப்பவர் சிரிக்கத்தான் செய்வார். வேறுபாட்டை ஒப்புக்கொண்டு, அதனால் வரும் கூடுதல் பொறுப்பை ஏற்பதே நேர்மையான உறவு. உறவுத் தத்துவத்தை மருத்துவமனையில் பொருத்துவது என்றால் புன்னகையோடு பேசுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டுவது என்று நினைத்துவிடக் கூடாது. அதிகாரம் இருக்கும் இடத்தில் உறவை எப்படி நடத்துவது என்ற கடினமான கேள்வி அது.

*

மனநல மருத்துவத்தின் வரலாற்றைப் புரட்டினால் நான்காமவர் அங்கங்கே தோன்றி மறைவதைக் காணலாம். பாரிசில் மனநோயாளிகளின் விலங்கை அறுத்தவர் பினெல் என்று பாடநூல்கள் சொல்லும், ஓவியங்களும் உண்டு. பிசேத்ர் விடுதியில் 1797இல் சங்கிலிகளை அகற்றியவர் உண்மையில் அங்கே மேற்பார்வையாளராக இருந்த ழான் பாப்திஸ்த் புசேன். அவர் மருத்துவர் அல்லர். கழலை நோய்க்காக அதே விடுதிக்கு நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். குணமடைந்த நோயாளிகளையே பணியாளர்களாகவும் சேர்த்துக்கொண்டார். அவரிடம் தான் கற்றதைப் பினெல் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார், ஓவியர்கள்தான் மறந்துவிட்டார்கள்.

1920களின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோருக்கு அருகே ஹாரி ஸ்டாக் சல்லிவன் இளம் மனச்சிதைவு நோயாளிகளுக்கென்று ஒரு சிறிய வார்டை நடத்தினார். அங்கு அவர் தேடித் தேடிச் சேர்த்தது நோயாளிகளோடு இயல்பாகப் பேசிப் பழகக்கூடிய பணியாளர்களை. நோய் என்பது தனியொருவரின் மண்டைக்குள் மட்டும் நிகழ்வதன்று, மனிதர்களுக்கிடையில் நிகழ்வது என்ற தன் கொள்கையை அவர் அந்த வார்டில்தான் சோதித்துப் பார்த்தார். அவருடைய சிந்தனையின் தாக்கத்தில் ஹில்டகார்ட் பெப்லோ 1952இல் செவிலியருக்காக எழுதிய நூல், செவிலியத்தின் மையமே உறவுதான் என்று நிறுவியது.

இந்தியாவின் பங்கு இவற்றுக்குக் குறைந்ததன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். நோயாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு முகவரியை மாற்றிச் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் இருந்த நாளில், குடும்பம் உடனிருந்து பார்த்து, கற்று, சில வாரங்களில் அழைத்துக்கொண்டு வீடு திரும்பியது. இங்கே தமிழ்நாட்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கியதிலிருந்தே உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கும் முறையைக் கடைப்பிடித்தது. மேலைநாட்டு மனநல விடுதிகள் குடும்பத்தை வாசலில் நிறுத்திவைத்த காலத்தில் நிகழ்ந்தவை இவை. செலவு குறைவு, இட நெருக்கடி என்ற காரணங்களும் இதில் இருந்தன. வறுமை சில சமயம் தத்துவத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறது.

*

இவ்வளவு சொன்ன பிறகு, உறவே மருந்து என்று முழங்கிவிட்டுப் போக முடியாது. அந்த முழக்கத்தைத் தடுக்க ஒரு தேதி இருக்கிறது: 2001 ஆகஸ்ட் 6.

அன்று அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை எரிந்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சில நாட்களில் அரசு அத்தகைய காப்பகங்களை மூடி, 500க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விஷயத்தைக் கையிலெடுத்தது.

காப்பகத்தின் சங்கிலியைப் பற்றி நிறையப் பேசினோம். அந்தச் சங்கிலிக்கு மாதாமாதம் பணம் அனுப்பியவர்கள் தாயும் தகப்பனும் அண்ணனும்தான் என்பதைக் குறைவாகவே பேசினோம். அவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர். பார்க்காத மருத்துவமில்லை, விற்காத நிலமில்லை என்ற நிலையில், இனி எங்கள் வீட்டில் முடியாது என்று அங்கே வந்து சேர்ந்தவர்கள். இதிலிருந்து நாம் பெறும் பாடம் கசப்பானது: கைவிடுதலும் ஓர் உறவுதான், கட்டிவைத்தலும் ஓர் உறவுதான். தமிழில் 'பிணைப்பு' என்ற ஒரே சொல் பாசத்துக்கும் விலங்குக்கும் பயன்படுவதைக் கவனிக்கலாம்.

அறிவியலும் இதை வேறு வழியில் கண்டறிந்தது. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் உடன் பணியாற்றியவர்களும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ திரும்பியவர்களைவிட வாடகை விடுதியில் தனியாகத் தங்கியவர்கள் பலர் நன்றாக இருந்தார்கள் என்ற எதிர்பாராத முடிவு கிடைத்தது. இடைவிடாத குறைகூறல், வெறுப்பு, அதோடு அளவுக்கு மீறிய உணர்ச்சிமிக்க தலையீடு ஆகியவை நோயை மீண்டும் கிளப்புகின்றன என்று பிற்பாடு தெளிவாயிற்று. அதே அளவுகோலைக் கொண்டு 1980களில் சண்டிகரில் ஆராய்ந்தபோது, இந்தியக் குடும்பங்களில் இந்தக் கடுமை குறைவாகவும், நோய் திரும்புவது குறைவாகவும் காணப்பட்டது. பெருமைப்படலாம், ஆனால் அது 40 ஆண்டுகளுக்கு முந்தைய வீடு, திண்ணையும் பாட்டியும் இருந்த வீடு. இரண்டு அறைகளும் மூன்று பேருமாக இன்று சுருங்கிவிட்ட வீட்டிலும் அதே பொறுமை இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆகவே உழைச்செல்வான் என்பவர் அருகில் நிற்பவர். மேலே விழுபவர் அல்லர். உறவுக்கு முன்பு இடைவெளி வேண்டும், இடைவெளியிருந்தால்தான் எதிரிலிருப்பவர் இன்னொருவர் என்பதே புலப்படும் என்று பூபர் பிற்காலத்தில் எழுதியது இதைத்தான்.

*

2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைச் சட்டத்தாளாக மட்டும் படிக்காமல் ஓர் உறவு நூலாகப் படித்துப் பார்க்கலாம். எந்த வகையிலும் எவரையும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. நோயாளியின் தலையை அவர் விருப்பத்துக்கு மாறாக மழிக்கக் கூடாது. அவர் விரும்பினால் தன் சொந்த உடையை அணியலாம், சீருடையைத் திணிக்கக் கூடாது என்கிறது. செய்த வேலைக்குக் கூலி தரவேண்டும் என்கிறது. சமூகத்தில் வாழும் உரிமையைச் சொல்லி, குடும்பம் கைவிட்டது என்பதற்காகவோ தங்க இடமில்லை என்பதற்காகவோ ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கலாகாது என்கிறது. மொட்டைத் தலையும் ஒரே நிறச் சட்டையும் ஒரு மனிதரை 'அது'வாக்கும் கருவிகள் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

இச்சட்டத்தில் நம்மை மிகவும் கவர்வது 'நியமனப் பிரதிநிதி' என்ற ஏற்பாடு. தனக்காகப் பேசவும் தனக்கு உதவவும் ஒருவரை நோயாளியே எழுத்து மூலம் நியமிக்கலாம். அவர் இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை, நண்பராக இருக்கலாம். நான்காமவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலாமவருக்குத் தரப்பட்டிருக்கிறது. குடும்பத்தைத் தெய்வமாக்கும் நம் சமூகத்தில் இது சிறிய விஷயமன்று. ஆனால் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதை அறிந்த குடும்பங்கள் எத்தனை இருக்கும்?

*

இனித் தென்காசிக்கு வருவோம். 2019 நவம்பர் 22 முதல் இது தனி மாவட்டம். 1794இல் சென்னையில் தொடங்கப்பட்டு, பின்னர் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த மாநிலத்தின் பழைய மனநல மருத்துவமனை இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே இந்தப் பகுதி மக்கள் தங்களுக்கு எட்டிய இடங்களுக்குத்தான் வெகுகாலம் போயிருக்கிறார்கள். அருவிக்குப் போனார்கள், கடையத்தை அடுத்த பொட்டல்புதூர் தர்காவுக்கு எல்லா மதத்தவரும் போனார்கள், இன்றும் போகிறார்கள்.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு நம்மைச் சற்றே நிதானிக்கச் செய்கிறது. டாக்டர் ரகுராமும் உடன் ஆய்ந்தவர்களும் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்தார்கள். அங்கே மருந்தில்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை. குடும்பத்தார் ஒருவருடன் சராசரியாக 6 வாரம் இலவசமாகத் தங்கி, காலை பூசையில் கலந்து, கோயிலில் சிறுசிறு வேலைகளைச் செய்துவந்தார்கள். நோய்க்குறிகளின் கடுமை ஏறத்தாழ 5இல் 1 பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. இதைக் கொண்டு மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்று யாரேனும் சொன்னால் அது குற்றம். ஆனால் அடிக்காத, கட்டாத, விரட்டாத ஓர் இடத்தில், உடன் ஒருவர் இருக்க, செய்வதற்கு ஒரு வேலையும் இருந்தால் மனிதர் கொஞ்சமேனும் தேறுகிறார் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. மருத்துவமனை இதைச் செய்யக் கூடாது என்று எந்த மருந்தியல் நூலும் சொல்லவில்லை.

இலக்கிய வாசகர்களுக்குக் குற்றாலம் என்றதும் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி நினைவுக்கு வரும். அதை இக்கோணத்தில் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். வசந்தவல்லி காதலால் நிலைகுலைந்து கிடக்கிறாள். அங்கே வருகிற குறத்தி முதலில் தன் மலையைச் சொல்கிறாள், தன் நாட்டைச் சொல்கிறாள், தன் குலத்தைச் சொல்கிறாள். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பிறகுதான் வசந்தவல்லியின் கையைப் பிடித்துப் பார்க்கிறாள். தான் யார் என்று சொல்லாமல் பிறர் உள்ளத்தைக் கேட்பது முறையன்று என்ற இங்கிதம் அதில் உண்டு. நம் மருத்துவமனைகளில் நோயாளியிடம் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குவோர் எத்தனை பேர்?

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அது மனநல மருத்துவமனை அன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம். பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். 1981இல் சொந்த ஊரான ஆய்க்குடியில் சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பலரும் கவனிக்காத செய்தி அதன் பெயரில் இருக்கிறது. 'அமர்' என்பது அவருக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர். முதுகுத்தண்டை மருத்துவரால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை. ஆயினும் நோயாளி தன் நிறுவனத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். 'குணமாக்குதல்' தோற்ற இடத்தில் உறவு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு நமக்கு வேண்டியதில்லை.

*

இப்போது எதிர்வாதங்கள். மனச்சிதைவும் இருதுருவ நோயும் மூளை சார்ந்த நோய்கள், அவற்றுக்கு மருந்துதான் வேண்டும் என்பார்கள். வேண்டும், ஐயமில்லை. ஆனால் மாத்திரை தானாக நடந்து வாய்க்குள் போவதில்லை. ஆறாவது மாதம் 'எனக்குத்தான் சரியாகிவிட்டதே' என்று அவர் மாத்திரையைத் தூர எறியும்போது, அவர் நம்புகிற ஒருவர் சொன்னால்தான் திரும்ப எடுப்பார். அந்த நம்பிக்கையை ஆறாவது மாதத்தில் போய் உண்டாக்க முடியாது. முதல் நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது வாதம்: இவ்வளவு கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே? நேரம் மருத்துவரிடம் இல்லை என்பது உண்மை. அதனால்தான் நான்காமவரைப் பற்றிப் பேசுகிறோம். சென்னையின் 'பான்யன்' அமைப்பு 2015இல் தொடங்கிய 'மீண்டும் வீடு' முயற்சியில், பல்லாண்டு மருத்துவமனையிலேயே தங்கிவிட்டவர்கள் நான்கைந்து பேராக ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு உடனிருந்து உதவுவோர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள், பயிற்சி பெற்றவர்கள், சம்பளம் வாங்குபவர்கள். அன்புக்குச் சம்பளமா என்று முகம் சுளிக்க வேண்டாம். இலவசமாக எதிர்பார்க்கப்படும் அன்பு எங்கே போய் முடியும் என்பதை ஏர்வாடியில் பார்த்தோம்.

இங்கே ஒரு இலக்கணத் திருத்தமும் தேவைப்படுகிறது. உழைச்செல்வான் என்று ஆண்பாலில் சொல்கிறோம். நம் மாவட்டத்தில் அவர் பெரும்பாலும் உழைச்செல்வாள். தாய், மனைவி, தமக்கை. ஆலங்குளத்திலும் கடையநல்லூரிலும் கீழப்பாவூரிலும் பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் பெண்களில் ஒருத்தி, மகனை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் நாளில் தட்டை மூலையில் வைத்துவிட்டுப் போகிறாள், அன்றைக்குக் கூலியில்லை. மகன் தெருவில் கத்தினால் பதில் சொல்ல வேண்டியவள் அவள். வளர்ப்புச் சரியில்லை என்ற பழியும் அவளுக்குத்தான். அவள் எப்போது தூங்கினாள் என்று எந்த நோட்டிலும் எழுதப்படுவதில்லை. அறுபதைக் கடந்த பிறகு இந்தத் தாய்மார்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்? மனித உறவுகளின் தத்துவம் இந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லையென்றால் அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

*

விடை சொல்ல முடியும் என்றே நம்புகிறோம். மாவட்ட மருத்துவமனை அளவிலேயே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம். மனநலப் பிரிவில் நோயாளியின் கட்டிலுக்கு அருகே உடனிருப்பவருக்கும் ஒரு கட்டில் வேண்டும். தரையில் துண்டு விரிப்பது ஏற்பாடாகாது. ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனைப் பணியாளர்களில் பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒருவர், மருத்துவர் மாறினாலும் மாறாத ஒருவர், வேண்டும். குணமாகி ஒழுங்காக வாழ்கிறவர்களில் விரும்புபவரைப் புசேன் செய்ததுபோல் அந்த வேலைக்கே சேர்க்கலாம். நோயாளியிடம் முதலில், அவரிடமே, முன்னிலையில் பேச வேண்டும். உறவினரிடம் பிறகு பேசலாம். நியமனப் பிரதிநிதி பற்றி முதல் வருகையிலேயே எளிய தமிழில் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் உள்ளடக்கியது. கூடிய ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை என்பதையும் அது பேசுகிறது. பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு வருகிறவளுக்கு அந்தத் தொகை போய்ச்சேர வேண்டும். அவளுக்கும் மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு கிடைக்க, நோயாளி தங்கக்கூடிய ஒரு வீடு தென்காசியில் வேண்டும். அவள் காலத்துக்குப் பிறகு அதுவே அவருடைய வீடாகவும் இருக்கலாம்.

இவற்றில் எதற்கும் புதிய மருந்து தேவையில்லை. புதிய தத்துவமும் தேவையில்லை. 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபர் முதல் 'டெலி-மானஸ்' தொலைபேசிச் சேவை இயங்குகிறது. நள்ளிரவில் ஒரு குரலாவது கிடைக்கிறது. நல்லதுதான். குரலுக்கு அடுத்தபடியாக ஒரு ஆள் வேண்டும்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வட்டத்தொட்டி கண்ட டி.கே.சி. தம் இறுதிக் காலத்தைக் கழித்தது குற்றாலத்தில்தான். கேட்பவர் அருகிருக்கும்போதே பாட்டு முழுமையடைகிறது என்பதை அவரைச் சுற்றி அமர்ந்தவர்கள் அறிந்திருந்தார்கள். பிறர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கும் பழக்கம் நம்மைப் போன்றவர்களிடம் ஓரளவாவது இருக்கும் என்றால், அது புத்தகத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. நம் ஒவ்வொருவர் தெருவிலும் படர்க்கையில் மட்டுமே பேசப்படும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நேராக நின்று, நம் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேட்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.